உள்ளே ஆள் இருக்கு

கூவைத்துறை அணையில் பகல் இரண்டு மணிக்குச் சிவப்புக் கொடி ஏறிவிட்டால் பரிசல்கள் கரைக்கு வந்துவிட வேண்டும், மாவு மில் நின்றுவிட வேண்டும், சேவல்களைக் கூடைக்குள் கவிழ்த்துவிட வேண்டும், தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இருமல்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய் இருமிவிட்டு வர வேண்டும், பச்சைக் கொடி ஏறுகிற நான்கு மணிவரை நூற்றுப் பன்னிரண்டு வீடும் மூச்சு விடுவதைத் தவிர வேறொன்றும் செய்யக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாகி, அந்த முடிவுக்கு ஊரும் பழகி, கைக்குழந்தைகள்கூட இரண்டு மணி ஆனால் அழுகையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது.

எங்கோ ஒரு கடற்கரையில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கடியில் அது சத்தம் போட்டால் எதிரிக்குக் கேட்டுவிடும், கேட்டுவிட்டால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் சாக வேண்டியதுதான் என்பதால், அதே கப்பலைக் கால் பங்கு அளவில், இரண்டு பஸ் நீளத்துக்கு, கறுப்பாக, மூக்கு மழுங்கி, கண்ணும் செவுளும் இல்லாமல் ஒரு மாதிரி செய்து, அதை அணையின் நடுவில் மிதக்கிற மேடையிலிருந்து கம்பியால் அடித்தரைவரை இழுத்துக்கொண்டுபோய் அங்கே அவிழ்த்துவிடுவது என்று திட்டம். அதற்கு எஞ்சின் கிடையாது. தன் லேசினாலேயே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். வருவதற்குத் தொண்ணூறு விநாடி ஆகும். அந்தத் தொண்ணூறு விநாடியும் தண்ணீருக்குள் வட்டமாகத் தொங்குகிற ஒலிவாங்கிகள், அதன் உடம்பில் எந்த இடம் முனகுகிறது, எந்த இடம் விசிலடிக்கிறது என்று கேட்டுச் சொல்லும். நான்கு பக்கமும் மலை நின்று காற்றை மறைக்கிற, முன்னூறு அடிக்கு மேல் ஆழமுள்ள கூவைத்துறையை அதற்காகத்தான் தேடிப் பிடித்தார்கள். ஊர் அந்த மாதிரிக்கு மொட்டை மீன் என்று பேர் வைத்தது.

மொட்டை மீனை அணைக்கரையிலேயே ஒரு பெரிய கொட்டகை போட்டு ஒரு கான்ட்ராக்டர் கம்பெனி செய்தது. வெல்டிங் வேலைக்குக் கம்பம் பக்கத்திலிருந்து வந்தவன் சுருளிவேல். குறுகலான இடத்துக்குள் உடம்பை மடக்கி நுழைந்துவிடக்கூடிய மெலிந்த ஆள் என்பதால், மற்றவர்கள் புக முடியாத வால்பகுதி வேலையெல்லாம் அவனுக்குத்தான். மனைவி பவுன்தாயியோடும் பத்து மாதப் பெண் குழந்தை நிறைமதியோடும் மீனவர் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தான். சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஐந்தரை மணிக்கு வெளியே போய்விட்டான் என்று போர்மேன் சொன்னான்; வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் இருந்தது. திருப்பூரில் போய்த் தேடிப்பார் என்றார்கள் போலீஸ் ஸ்டேஷனில். வேறு பெண் எதுவும் உண்டா என்று கேட்டார்கள். பவுன்தாயி கல்யாணப் போட்டோவில் அவனைமட்டும் தெரிகிறமாதிரி மடித்துக்கொண்டு கம்பம், குமுளி, போடி என்று எல்லா பஸ் ஸ்டாண்டிலும் நின்று பார்த்தாள். பிறகு, எங்கே போயிருந்தாலும் இங்கேதானே திரும்பி வருவான் என்று சங்கத்தில் மீன் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, அதே அறையிலேயே இருந்துகொண்டாள். எட்டு மாதம் போனது.

மார்கழி பிறந்த நான்காம் நாள் மொட்டை மீனை முதல் தடவையாகத் தண்ணீரின் அடியில் அவிழ்த்துவிட்டார்கள். மேடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ரெஜினா தேவசகாயம். நாகர்கோவில்காரர், கடல் சத்தங்களைக் கேட்டுப் பிரித்துச் சொல்வதில் இருபது வருஷ அனுபவம், இறால் கூட்டம் எது, மழை எது, ஐந்து மைலுக்கு அப்பால் போகிற கப்பலின் உந்துவிசிறியில் எத்தனையாவது இறக்கை வளைந்திருக்கிறது என்றெல்லாம் காதாலேயே சொல்லிவிடுவார். பன்னிரண்டாவது விநாடியில் ஒரு இருமல் கேட்டது. பிறகு இரும்பில் மூன்று தட்டு. பிறகு ஒரு ஆண் குரல், பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல, பதற்றமில்லாமல் சொன்னது:

"போர்மேன் சார், உள்ளே ஆள் இருக்கு. ஊத்தாதீங்க."

மொட்டை மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்து விழுந்து அசைவற்று மிதந்ததும் குரல் நின்றுபோனது. மறுநாள் மறுபடி அடியில் கொண்டுபோய் விட்டார்கள். "போர்மேன் சார், கேக்குதா? சுருளிவேல் உள்ளே இருக்கேன். வால்பக்கம்" என்றது குரல். ரெஜினா ஹெட்போனைக் கழற்றிப் பரிசோதனை இயக்குநர் கோதண்டத்திடம் நீட்டினார். பதிவை அவர் முழுதாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எத்தனை டெசிபல்?" என்று கேட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அதுதான்.

மொட்டை மீன் மிதக்க வேண்டுமென்றால் லேசாக இருக்க வேண்டும். அதற்காக வெளித்தோலுக்கும் உள்கூட்டுக்கும் இடையிலிருந்த வெளியில் இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றியிருந்தார்கள். கலந்ததும் அது சூடாகி, மஞ்சள் நுரையாகப் பொங்கி, இண்டு இடுக்கெல்லாம் நிறைந்து, ரொட்டிபோல இறுகிவிடும். ஊற்றிய தேதியும் நேரமும் ஆவணத்தில் இருந்தன. சித்திரை மாதம், அந்த வியாழக்கிழமை, மாலை ஐந்து முப்பத்தைந்து. அந்த ஆவணத்தை எடுத்துப் பார்த்தபோது போர்மேன் கம்பெனியை விட்டு வேறெங்கோ வேறொரு வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

ரெஜினா தனியாகப் பவுன்தாயி வீட்டுக்குப் போனார். கையில் மீன் செதிலோடு பவுன்தாயி எழுந்து நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கேயும் ஓடிப்போகலைம்மா" என்றார் ரெஜினா. "மொட்டை மீனுக்குள்ளே இருக்காரு."

"செத்துட்டாகளா?"

"தெரியலை. பேசுறாரு."

பவுன்தாயி கையைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டாள், வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து, "போகலாம்" என்றாள்.

ஒலிவாங்கிகளைச் சரிபார்ப்பதற்காகத் தண்ணீருக்குள் ஒரு ஒலிபெருக்கியும் இறக்கி வைத்திருந்தார்கள். அதன் மைக்கை ரெஜினா அவள் முன்னால் வைத்தார். தொண்ணூறு விநாடிதான், மேலே வருகிறபோது மட்டும்தான் பேசுகிறார், நின்றுவிட்டால் நின்றுவிடுகிறார் என்று சொல்லிக்கொடுத்தார். அடியில் கம்பி அவிழ்ந்தது. பவுன்தாயி, "ஏங்க" என்றாள்.

"பவுனா? நீ எதுக்கு இங்க வந்த?" என்றான் சுருளிவேல். "பாப்பா எங்க?"

"வீட்டுல."

"போர்மேன்கிட்ட சொல்லு. நான் உள்ள இருக்கிறதப் பாக்காம ஊத்திட்டாங்க. பாதத்துக்கு வந்திருக்கு. இன்னும் வேலை முடியிற சைரன் அடிக்கலையா?"

அவனுக்கு அது இன்னும் அதே வியாழக்கிழமை, அதே ஐந்தரை மணி. மொட்டை மீன் மேலே வருகிற தொண்ணூறு விநாடிதான் அவனுடைய நேரம்; மற்ற நேரமெல்லாம் அவனுக்குக் கிடையாது. முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவே வெளியே ஒரு நாள் போனது அவனுக்குத் தெரியவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பாப்பா நடக்கிறாள் என்று பவுன்தாயி சொன்னபோது அவன் சிரித்தான். "காலையில தவந்துக்கிட்டு இருந்தவ சாயங்காலத்துக்குள்ள நடந்துட்டாளாக்கும்" என்றான்.

ஊருக்கு இது தெரிந்ததும் யாரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. போலீஸ்காரர் வந்து, காணாமல்போனவர் கிடைத்துவிட்டார், இருப்பிடம் தண்ணீர் என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தார். இறப்புச் சான்றிதழ் கேட்டுப்போன சங்கத்து ஆட்களிடம், பேசுகிற ஆளுக்கு எப்படித் தர முடியும் என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டார். அப்படியானால் உயிரோடு இருக்கிறார் என்று எழுதித் தாருங்கள் என்றதற்கு, நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் தருகிறேன் என்றார். பவுன்தாயி பொட்டு வைக்கலாமா கூடாதா என்று பெண்கள் குழாயடியில் கூடிப் பேசி, புருஷன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக்கும் வைக்கலாம், ஆனால் பூ வேண்டாம் என்று ஒரு மாதிரியாக முடிவுக்கு வந்தார்கள். கருப்பசாமி கோயில் பூசாரி அவன் பேருக்குத் திருநீறு மடித்து மேடைக்குக் கொடுத்தனுப்பினார், யாராவது அதைத் தண்ணீரில் கரைத்துவிடட்டும் என்று. பிள்ளைகள் தொண்ணூறு எண்ணுகிறவரை மூச்சைப் பிடித்து விளையாடினார்கள்.

மீனவர் சங்கத் தலைவர் மொக்கையன்தான் முதலில் பவுன்தாயியிடம் போய்க் கேட்டவர். இருட்டுக்குள் இருக்கிறவனுக்குக் காது கூர்மையாக இருக்குமே, மீன் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா என்று. அவள் தன் தொண்ணூறில் பத்து விநாடியை அவருக்குக் கொடுத்தாள். "சோத்தாங்கைப் பக்கம் பொரி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேக்குது" என்றான் சுருளிவேல். அந்தப் பக்கம் வலை போட்டவர்களுக்கு அன்றைக்குக் கெண்டையை அள்ளப் பரிசல் போதவில்லை. அதன்பிறகு ஆளாளுக்கு வந்தார்கள். அடித்தரையில் தொலைந்த நங்கூரத்தைக் கேட்டார்கள், போன வருஷம் பரிசல் கவிழ்ந்து மூழ்கிய மகன் அங்கே எங்காவது பேசுகிறானா என்று ஒரு தாய் கேட்டாள். அவள் கேட்டதற்குமட்டும் சுருளிவேல் கொஞ்சநேரம் காதுகொடுத்துப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, இங்க நான் மட்டுந்தான்" என்றான். பவுன்தாயி எல்லாருக்கும் விநாடிகளைக் கொடுத்தாள். ஊரே புருஷனிடம் பேசுவது அவளுக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று எட்டு மாதம் அவளைப் பார்த்த ஊர் அது.

பத்தாம் நாள் அவன், "கெண்டைக்காலுக்கு வந்துருச்சு பவுனு. சுடுது" என்றான்.

அதுவரை யாருக்கும் அது உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். முதல் நாள் பாதம். இன்றைக்குக் கெண்டைக்கால். ஒவ்வொரு தடவை மொட்டை மீன் மேலே வரும்போதும் அவனுடைய நேரம் தொண்ணூறு விநாடி நகர்கிறது. நேரம் நகர்ந்தால் நுரையும் ஏறும். மொக்கையன் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டினார், அவன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று. ஒரு பையன் கரித்துண்டால் அவர் கெண்டைக்கால் உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு போட்டான். அன்றிலிருந்து மேடையிலிருந்து திரும்பிவருகிற பவுன்தாயியிடம் ஊர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். எம்புட்டு? அவள் தன் உடம்பில் கைவைத்துக் காட்டுவாள். கோடு ஏறும். மீன் கேட்டவர்கள் பிறகு மேடைப் பக்கம் போகவில்லை. அள்ளிவந்த கெண்டையைத் தின்றதை நினைத்து மொக்கையன் வீட்டில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இருபதாம் நாள் இடுப்பு. பவுன்தாயி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ரெஜினாவிடம் சொன்னாள்:

"இனிமே விடாதீங்க மேடம். நான் பேசணும்னு ஆசைப்பட்டு அவுகளக் கொல்லுறேன்."

"நீங்க பேசாட்டாலும் விடத்தான் செய்வாங்க பவுன்தாயி."

"அறுத்து வெளிய எடுங்க."

"கேட்டுட்டேன். திரும்பச் செய்ய ஒன்றரை வருஷம் ஆகும்ங்கிறாங்க. கப்பல் காத்திருக்கு."

மறுநாள் இரண்டு மணிக்குச் சிவப்புக் கொடி ஏறியபோது மாவு மில் நிற்கவில்லை. மொக்கையன் மோட்டார் படகை எடுத்துக்கொண்டு அணையைச் சுற்றி வந்தார். பெண்கள் கரையோரப் பாறைகளில் குத்துக்கல்லாக நின்று வெண்கலப் பானைகளைக் கரண்டியால் அடித்தார்கள். கோயில் உறுமி மேளம் வந்தது. பழகிப்போன கைக்குழந்தைகள் முதலில் மிரண்டு, பிறகு தங்களுக்கும் அனுமதி உண்டு என்று புரிந்துகொண்டு, வாரக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த அழுகையை எல்லாம் மொத்தமாக அழுதன. அந்தச் சத்தத்தில் ஒலிவாங்கிகளால் எதையும் பிரித்துக் கேட்க முடியாது. கம்பி அவிழவில்லை. அப்படி எட்டு நாள் கூவைத்துறை தினமும் இரண்டு மணி நேரம் அலறியது. எட்டு நாளும் சுவரில் கோடு ஏறாமல் நின்றது.

ஒன்பதாம் நாள் இயக்குநர் கோதண்டம் போலீஸ் இல்லாமல், ரெஜினாவைமட்டும் கூட்டிக்கொண்டு சங்கக் கட்டடத்துக்கு வந்தார். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். சுவரிலிருந்த கோடுகளை அவர் பார்த்தார். அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்க சத்தம் போட்டா இங்கே என்னால வேலை செய்ய முடியாது. அது உங்களுக்குத் தெரியும்" என்றார். "இங்கே முடியலைன்னா லாரியில ஏத்தி வேற அணைக்குக் கொண்டுபோகச் சொல்லிருக்காங்க. அங்கேயும் விடுவாங்க. அவர் பேசப் பேச, அந்த ஓட்டம் செல்லாதுன்னு மறுபடி விடுவாங்க. அவர் பேச்சு நிக்கிறவரைக்கும் விடுவாங்க. அங்கே இந்த அம்மா இருக்க மாட்டாங்க."

கோதண்டம் கடைசிக் கோட்டின்மேல் கண்ணை வைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"எனக்குப் பதினோரு ஓட்டம் வேணும். சத்தமில்லாம. பதினொண்ணு கிடைச்சா நிறுத்திடுறேன். அறுக்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"பதினோரு தடவைல எம்புட்டு ஏறும்?" என்று மொக்கையன் கேட்டார்.

பவுன்தாயி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். கடைசிக் கோட்டிலிருந்து விரலால் அளந்துகொண்டே மேலே போய், ஓரிடத்தில் நிறுத்தினாள். மொக்கையன் உட்கார்ந்து காட்டிய உயரத்தில் அது தாடைக்கும் உதட்டுக்கும் நடுவில் வந்தது.

"மூக்குக்கு வரல" என்றாள். பிறகு ரெஜினாவைப் பார்த்து, "நீங்க எழுதுங்க மேடம். அவரு கையெழுத்துப் போடட்டும்" என்றாள்.

மறுநாள் ஊர் அமைதியாக இருந்தது. பவுன்தாயி மேடைக்குப் போனாள். அவனைப் பேசாமல் இருக்கச் சொல்ல எப்படி முடியும் என்று இரவெல்லாம் யோசித்திருந்தாள். உள்ளே ஆள் இருக்கு என்று கத்துகிறவனிடம் கத்தாதே என்று எந்தக் காரணத்தைச் சொல்வது? காப்பாற்ற ஆள் வருகிறது என்றால் இன்னும் சத்தமாகத் தட்டுவான். கப்பல், பரிசோதனை என்றால் எனக்கென்ன என்பான். கடைசியில் அவளுக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

"ஏங்க, மெதுவாப் பேசுங்க. பாப்பா இப்பத்தான் தூங்குது" என்றாள். "உடம்பெல்லாம் காய்ச்ச. மூணு நாளாத் தூங்கவே இல்ல. இப்ப என் மடியில கண்ணசந்திருக்கா."

"எப்பருந்து காய்ச்ச? காலையில நல்லாத்தானே இருந்தா?"

"இப்பத்தான்."

"டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

"காட்டியாச்சு. தூங்குனாச் சரியாப்போயிரும்னாரு. நீங்க தட்டுனா முழிச்சுக்குவா. கொஞ்சநேரம் பேசாம இருக்கீங்களா?"

மூன்று விநாடி, நான்கு விநாடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, சரி. நீ பாத்துக்க" என்றான். ரெஜினாவின் ஹெட்போனில் அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் கேட்டது. அந்த ஓட்டம் கணக்கில் சேரவில்லை. மறுநாள் எண்ண ஆரம்பித்தார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. மொட்டை மீன் ஒவ்வொரு நாளும் இரண்டரை மணிக்கு மேலே வந்தது. அதன் உடம்பில் எந்த இடமும் முனகவில்லை, எந்த இடமும் விசிலடிக்கவில்லை. இவ்வளவு நிசப்தமான உடலை இதுவரை தண்ணீர் சுமந்ததில்லை என்று மேடையில் இருந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ரெஜினாமட்டும் இயந்திரங்கள் கேட்காத ஒன்றைக் கேட்க முயன்றுகொண்டே இருந்தார். ஒரு மூச்சு, ஒரு உரசல். நான்காம் நாள் ஏதோ ஒன்று, துணி அசைவதுபோல. ஆறாம் நாள் அதுவும் இல்லை. பவுன்தாயி மைக்கைத் தொடாமல் தொண்ணூறு விநாடியும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளாக அவள் இருக்க வேண்டும். கரையில் நிறைமதி யாருடைய பிள்ளைகளோடோ நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை.

சங்கச் சுவரில் பையன் தினமும் கோடு போட்டான். இப்போது யாரும் உடம்பில் கைவைத்துக் காட்டவில்லை, கணக்குப்படி போட்டான். நெஞ்சு. அக்குள். தோள். கழுத்து. பத்தாவது கோடு வளைந்து விழுந்தது.

பதினோராவது ஓட்டம் முடிந்ததும் கோதண்டம் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டார். கைதட்ட எழுந்த இரண்டு பேர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிற்பாடு அந்த அச்சிலேயே கட்டி முடித்த பெரிய கப்பல், எந்தக் கடலில் போனாலும் யார் காதிலும் விழாமல் போகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அது வேறு கதை.

ரெஜினா பவுன்தாயியிடம் வந்து முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "இன்னும் ஒரு தடவை விடச் சொல்லட்டுமா? பாப்பா முழிச்சிட்டான்னு சொன்னா அவர் பேசுவாரு. உயிரோட இருக்காரான்னு தெரிஞ்சுக்கலாம்."

பவுன்தாயி மைக்கைப் பார்த்தாள். கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்பதற்கு ஒரு தொண்ணூறு விநாடி ஆகும். உதட்டுக்குக் கீழே நிற்கிற நுரை அந்தத் தொண்ணூறில் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"வேணாம்" என்றாள். "அறுத்துருங்க."

கொட்டகையில் மூன்று நாள் அறுத்தார்கள். நெருப்புப்பொறி படாமல் கைரம்பத்தால் கறுப்புத் தோலை உரித்து, மஞ்சள் நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்தார்கள். ஊர் முழுக்க வாசலில் நின்றது. டாக்டர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடும் போர்வையோடும் நின்றார். மூன்றாம் நாள் மத்தியானம் ரம்பம் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டு விலகி நின்றான். உள்ளே ஆள் இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, பல் இல்லை. ஆள் இருந்த இடம்தான் இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஒருவனுடைய வெற்றிடம், நுரைக்குள் அச்சாக. சுவரில் போட்ட கணக்குக்கு மாறாக நுரை உச்சந்தலைவரை மூடியிருந்தது. முதுகெலும்பின் முடிச்சு ஒவ்வொன்றும், சட்டைப் பையின் தையலும், காது மடலும், இடது கையின் ஆறாத தீக்காயமும் அதில் பதிந்திருந்தன. அவன் பேசிப் பேசியே தீர்ந்துபோனான் என்று சிலர் சொன்னார்கள், ஊருக்குக் கொடுத்த பத்துப் பத்து விநாடியில் தீர்ந்துபோனான் என்று. மொக்கையன் அதைக் கேட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பவுன்தாயி குனிந்து உள்ளே பார்த்தாள். வலது கை இருந்த இடத்தைத் தேடினாள். தட்டுவதற்கு ஓங்கியபடியோ, மேலே எதையாவது பற்றிக்கொள்ளத் தேடியபடியோ இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது அவன் வாயின்மேல் இருந்தது. தன் வாயைத் தானே இறுகப் பொத்தியிருந்தான். ஐந்து விரலின் அழுத்தமும் கன்னத்துப் பள்ளத்தில் பதிந்திருந்தது. அவள் தன் கையை அந்தக் கையின் இடத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே பேத்துக் குடுங்க. அடக்கம் பண்ணணும்" என்றாள்.

அந்த வெற்றிடத்தைச் சுற்றி ஆளுயரத்துக்குச் சதுரமாக அறுத்தெடுத்தார்கள். பாடை கட்டி எட்டுப் பேர் தூக்கினார்கள். தூக்கியதும் எட்டுப் பேருக்கும் உடம்பு கூசியது. அதில் எடையே இல்லை. ஒருவன் ஒற்றைக் கையால் கொண்டுபோய்விடலாம். பவுன்தாயி பின்னால் வருகிறாள் என்பதால் எட்டுப் பேரும் தோளைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, கனத்தைச் சுமக்கிறவர்கள்போல அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். இடையில் தோள் மாற்றிக்கொள்ள வேறு எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களும் அப்படியே நடந்தார்கள். கோதண்டம் செருப்பைக் கழற்றிவிட்டு ஊர்வலத்தின் கடைசியில் வந்தார். ஒருவரும் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இடுகாடு அணைக்கரைச் சரிவில் இருந்தது. தை மாதத்து நிறைந்த தண்ணீர் மண்ணுக்கடியில் கசிந்து, ஐந்தடி தோண்டுவதற்குள் குழியில் முழங்கால் அளவுக்கு நின்றது. இறைத்துப் பார்த்தார்கள், மறுபடி ஊறியது. அறுத்தெடுத்த நுரைக்கட்டையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அது மிதந்தது. அழுத்தினால் அமிழ்ந்தது, கையை எடுத்தால் மேலே வந்தது. மண்ணைத் தள்ளினார்கள், மண் கரைந்து ஓரமாக ஒதுங்கியது, கட்டை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டு மேலே வந்து நின்றது. பாறாங்கல் கொண்டுவாங்கடா என்று யாரோ சொன்னார்கள். நான்கு பேர் போய்ப் புரட்டிக்கொண்டு வந்தார்கள்.

"கல்லு வேணாம்" என்றாள் பவுன்தாயி. "அவுகமேல கல்ல வைக்காதீங்க."

பிள்ளையை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் குழிக்குள் இறங்கினாள். ஒருவரும் தடுக்கவில்லை. மஞ்சள் கட்டையின்மேல் ஏறி, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அது ஒருமுறை சாய்ந்து, தண்ணீருக்குள் அமிழ்ந்து, அவள் எடைக்கு அடங்கி நின்றது. மொக்கையன் மண்வெட்டியை எடுத்தார். கட்டையின் நான்கு பக்கத்திலும் ஈரமண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து, மறுபடி தள்ளி, மறுபடி மிதித்தார்கள். வெகுநேரம் ஆனது. ரெஜினா இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே ஒரு கையால் மண் அள்ளிப் போட்டார். மண் ஏறி ஏறிப் பவுன்தாயியின் கணுக்காலை மூடியது.

"போதும்மா, பிடிச்சுக்கிருச்சு. இனி வராது" என்று மொக்கையன் கையை நீட்டினார். "மேல வா."

"நீங்க போங்கண்ணே" என்றாள் அவள். "இன்னுங் கொஞ்சநேரம் அவுககூட இருந்துட்டு வாரேன்."